மைன்கிராஃப்ட் தண்ணீர்: ஒரு மோட்டார்க்காரன் பார்த்த வரையில்

சேலத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுவதும், போர்வெல்லில் சிக்கிக்கொண்ட பம்பை மேலே எடுப்பதும் என் தொழில். இருபத்தாறு வருடமாகத் தண்ணீரோடுதான் மல்லுக்கட்டு. அப்படிப்பட்டவன் மைன்கிராஃப்ட் என்ற வீடியோ கேமுக்கு விமர்சனம் எழுதுகிறேன் என்றதும் கடையில் வேலை செய்கிற பையன் சிரித்துவிட்டான். சிரிக்கட்டும். அதில் வருகிற வாள், வில், எலும்புக்கூடு, பச்சை நிறத்தில் பக்கத்தில் வந்து வெடிக்கிற பிசாசு, இதையெல்லாம் பற்றி நான் பேசப்போவதில்லை. அதில் ஓடுகிற தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்றே நினைக்கிறேன்.

விஷயம் ஏற்காட்டில் ஆரம்பித்தது. மே மாதம் ஊரே மலை ஏறும். என் அக்கா மகள் மட்டும் மலை இறங்குவாள். அக்காவும் அவள் வீட்டுக்காரரும் ஏரிக்குப் பக்கத்தில் மிளகும் காபித்தூளும் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறார்கள். கோடை விழா முடிகிறவரை அவர்களுக்கு உட்கார நேரமிருக்காது. அதனால் பதினோரு வயதுப் பெண்ணை, இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கிக் கொண்டுவந்து என் கடையில் விட்டுவிடுவார்கள். இங்கே அடிக்கிற வெயிலுக்கு முதல் இரண்டு நாள் முகத்தைச் சுளிப்பாள். சாயங்காலம் ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

இந்த முறை பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அம்மாவின் பழைய செல்போனை என் மேஜைமேல் வைத்தாள். "மாமா, ஏரிக்கரையை உடைச்சிட்டேன், தண்ணி வரமாட்டேங்குது. நீங்கதான் மோட்டாரெல்லாம் ரிப்பேர் பண்றீங்களே, இதையும் பாருங்க."

போனில் இருந்தது ஒரு இலவச கேம். மைன்கிராஃப்ட்டைப் பார்த்துக் காப்பியடித்தவற்றில் ஒன்று, பெயர் வேண்டாம். மண், கல், மரம் எல்லாம் கட்டி கட்டியாக வரும், அடுக்கி எதை வேண்டுமானாலும் கட்டலாம். பாப்பா ஏற்காடு ஏரியையே கட்டியிருந்தாள். படகுத்துறை, கரையைச் சுற்றி ரோடு, ரோட்டோரத்தில் அவர்கள் கடை. கீழே கிளியூர் அருவிக்காக ஒரு பள்ளமும் வெட்டி வைத்திருந்தாள். நிஜத்திலும் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் கிளியூரில்தான் போய் விழுகிறது; அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியும். ஆனால் கரையில் நான்கு கல்லை உருவிய பிறகும் தண்ணீர் நகரவில்லை. கத்தியால் வெட்டிய அல்வா மாதிரி நெட்டுக்குத்தாக, பளபளவென்று அப்படியே நின்றது.

எங்கள் தொழிலில் முதல் கேள்வி "நேத்து ஓடுச்சா?" என்பதுதான். ஓடியதாம். அடுத்தது, எங்கே அடைப்பு என்று தேடுவோம். நின்ற தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு மண்கட்டியை வைத்து எடுத்துப் பார்த்தேன். அந்த ஒரு வரிசை மட்டும் தூக்கம் கலைந்த மாதிரி சரிந்து ஓடியது. பக்கத்து வரிசை அசையவில்லை. அதற்கு ஒரு கட்டி வைத்து எடுத்தேன், அதுவும் ஓடியது. சரி, இப்படியே எல்லா வரிசையையும் தட்டி எழுப்பிவிடலாம் என்று இரண்டு பேரும் உட்கார்ந்தோம். பாதியில் ஒரு விளம்பரம் வந்து கேம் தானாக மூடிக்கொண்டது. திறந்து பார்த்தால், மிச்சமிருந்த ஏரி மொத்தமும் கிளம்பிக் கடை, ரோடு, காபித் தோட்டம் எல்லாவற்றையும் முழுக்கியிருந்தது. நான்கு ஆடுகள் தண்ணீருக்கு அடியில் நின்று புல் மேய்ந்துகொண்டிருந்தன. பழைய நிலைக்குத் திருப்ப வழியில்லை. ஒரு விளம்பரம் பார்த்தால் ஐந்து வாளி இலவசம் என்று ஒரு பெட்டி வேறு வந்து நின்றது. பாப்பா அழவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு போனைக் குப்புற வைத்தாள். அந்த இலவச கேமுக்கு மதிப்பெண் போடச் சொன்னால் அரை நட்சத்திரம், அதுவும் அந்த ஆடுகளுக்காக.

அன்று இரவே அசல் மைன்கிராஃப்ட்டை வாங்கி, கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கம்ப்யூட்டருக்கென்று இருக்கிற ஜாவா பதிப்பு. ஒருமுறை காசு கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது, நடுவில் விளம்பரம் வந்து கழுத்தறுக்காது. கம்ப்யூட்டர் பழசு என்பதால், எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்கிற அளவைக் குறைத்து வைத்தால்தான் திணறாமல் ஓடுகிறது. அதைத் தவிரத் தொல்லை இல்லை. மூன்று வாரமாக, கடை சாத்திய பிறகு ஒன்பது மணியிலிருந்து பத்தரை வரை நானும் அவளும் அதில்தான் இருக்கிறோம். என் மனைவி இதைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பது இங்கே தேவையில்லை.

2009 மே மாதம் ஸ்வீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன் முதலில் வெளியிட்டது இது. முழு வடிவம் 2011 நவம்பர் 18-ல் வந்தது. 2014-ல் மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2023-க்குள் 30 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. ஆரம்ப நாட்களில் இதன் தண்ணீரும் லேசுப்பட்டதில்லை. கரையில் ஒரு கல்லை எடுத்தால் போதும், அந்த மட்டத்துக்குக் கீழே காலியாக இருக்கிற இடம் அத்தனையையும் நிரப்பாமல் ஓயாது. அதைத் தடுக்க ஸ்பாஞ்சு என்று ஒரு கட்டியையே கொண்டுவந்தார்கள். பாப்பாவிடம் சொன்னபோது, "அப்போ எங்க கடை முங்குனது அந்தக் காலத்துத் தண்ணி" என்றாள்.

இப்போதைய தண்ணீருக்குச் சட்டதிட்டம் இருக்கிறது. ஒரு கட்டி என்றால் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம். மூன்று இரும்புப் பாளம் இருந்தால் ஒரு வாளி செய்யலாம். வாளியை எங்கே கவிழ்க்கிறோமோ அந்த இடம் சோர்ஸ் ஆகிவிடுகிறது. நான் அதைச் சுனை என்றே சொல்கிறேன். ஏற்காட்டுக்காரிக்கும் அதுதான் புரிகிறது. சமதரையில் சுனையிலிருந்து ஏழு கட்டி தூரம் ஓடும். போகப் போக மட்டம் குறையும். எட்டாவது கட்டிக்கு ஒரு சொட்டு போகாது. ஆனால் வழியில் பள்ளம் கிடைத்து விழுந்துவிட்டால், விழுந்த இடத்திலிருந்து புதிதாக ஏழு. பக்கத்தில் நான்கு கட்டிக்குள் இறங்க வழி இருந்தால் மற்ற பக்கமெல்லாம் பரவாமல் அந்த வழியைத்தான் தேடிப் போகும். இந்த ஒன்றுக்காகவே அந்தத் தண்ணீர்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. வாட்டம் பார்க்காமல் பாத்ரூம் தரை போட்டுவிட்டு, தண்ணீர் ஏன் மூலையில் தேங்குகிறது என்று என்னிடம் கேட்கிறவர்களை இதில் ஒரு மாதம் விளையாட விட வேண்டும்.

ஏரியிலிருந்து காபித் தோட்டத்துக்கு வாய்க்கால் வெட்டினோம். ஏழு கட்டிக்கு ஒரு படி இறக்கம் கொடுத்தால் தண்ணீர் நிற்காமல் போகும். நூறு கட்டி தூரத்துக்குப் பதினான்கு படி. காகிதத்தில் கணக்குப் போட்டு, இடத்தில் குச்சி நட்டு, அப்புறம்தான் வெட்டினோம். முதல் தடவையிலேயே கடைசி மடைவரை வந்துவிட்டது. நிஜ வேலையில் எனக்கு இப்படி முதல் தடவையிலேயே வந்ததாக நினைவில்லை.

சரி, குறைக்கு வருகிறேன். இந்தத் தண்ணீருக்குப் பிரஷர் கிடையாது. மேலே பெரிய டேங்க் கட்டி, அதிலிருந்து குழாய் இறக்கி, மறுமுனையைக் கொஞ்சம் மேலே தூக்கினால் தண்ணீர் ஏற வேண்டும் அல்லவா? இதில் ஏறாது. குழாயின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அக்கா வீட்டுக்கு மேலே இருக்கிற ஓடையிலிருந்து கறுப்பு ஓஸ் போட்டுத்தான் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். நடுவில் ஒரு மேடு உண்டு. காற்று பிடித்துக்கொண்டால் வாயை வைத்து உறிஞ்சி விடுவார்கள். தண்ணீர் மேடேறி இந்தப் பக்கம் வந்துவிடும். பாப்பா அதையும் கேமில் செய்து பார்த்தாள். மேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. "உறிஞ்சுறதுக்கு பட்டன் இல்லையா மாமா?" என்று கேட்டாள். இல்லை. என் தொழிலே பிரஷரை நம்பித்தான் இருக்கிறது என்பதால் இது எனக்குப் பெரிய குறை. மற்றவர்களுக்கு அப்படித் தோன்றாமல் இருக்கலாம்.

அடுத்த குறைதான் எல்லாரும் சிரிக்கிற இடம். இரண்டு கட்டி நீளம், இரண்டு கட்டி அகலத்தில் ஒரு குழி வெட்டுங்கள். எதிரெதிர் மூலைகளில் ஒவ்வொரு வாளி ஊற்றுங்கள். அவ்வளவுதான், வற்றாத கிணறு. ஒரு வாளி மொண்டால் அந்த இடம் மறு நொடியே நிரம்பிவிடும். இரண்டு சுனைகளுக்கு நடுவில் மாட்டிய தண்ணீர், அதன் அடியில் தரையோ சுனையோ இருந்தால், தானும் சுனையாகிவிடும் என்பது விதி. எண்ணூறு, ஆயிரம் அடி போட்டும் புழுதி பறந்த போர்வெல்களைப் பார்த்திருக்கிறேன். கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைப் போட்டு, ரிக் வண்டிக்காரன் பைப்பைக் கழற்றும்போது பேசாமல் எழுந்து போன மனிதர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு மீட்டர் குழியில் வாளி வாளியாக மொண்டுகொண்டே இருந்த பாப்பாவைத் தடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏரி கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. மேலே ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டு நிரம்பும் என்று காத்திருக்காதீர்கள். சாய்ந்து சாய்ந்து ஓடிக்கொண்டே இருக்கும், இறங்கினால் ஆளை இழுத்துக்கொண்டு போகும். அடித்தளத்திலிருந்து அடுக்கடுக்காகச் சுனையாக்கிக்கொண்டே மேலே வர வேண்டும். எங்களுக்கு நான்கு ராத்திரி ஆனது.

நிரப்பிய பிறகு பாப்பா கேட்டாள், கரையை உடைத்துப் பார்க்கலாமா என்று. அதற்காகத்தானே வாங்கினோம். ஒரு கல்லை எடுத்ததும் தண்ணீர் அழகாகப் பாய்ந்தது. பாய்ந்துகொண்டே இருந்தது. ஏரியின் மட்டம் மட்டும் ஒரு விரல்கூடக் குறையவில்லை. பத்து கல் எடுத்தோம், அதே கதைதான். சுனை என்பது எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் குறையாது. மேட்டூர் அணையை 1934-ல் திறந்தார்கள். 120 அடி நின்றால் 93.47 டிஎம்சி. ஜூன் 12-ல் டெல்டாவுக்குத் திறக்க முடியுமா முடியாதா என்று ஒவ்வொரு வருடமும் பேப்பரில் அடிக்கணக்குப் பார்த்து வளர்ந்தவன் நான். மேட்டூரில் இந்தக் கேமின் தண்ணீர் இருந்திருந்தால் 16 கண் மதகையும் வருடம் பூராவும் திறந்து வைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். காவிரிக்கு எந்தக் கோர்ட்டும் வேண்டியிருக்காது.

கிளியூர் அருவிக்கு வருவோம். நிஜ அருவி சுமார் 300 அடி. கேமின் கணக்கில் 91 கட்டி. 2021 நவம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு அடியிலிருந்து உச்சிவரை 384 கட்டி உயரம் இருப்பதால் அருவியை நிஜ அளவிலேயே கட்ட முடிந்தது. ஏற்காட்டை அப்படிக் கட்ட வழியில்லை. அது கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர். அருவியைத் திறந்துவிட்டு, பாப்பா என் செல்போனில் நேரம் பார்த்தாள். உச்சியில் தெரிந்த தண்ணீர் தரையைத் தொட 23 வினாடி. இது எந்த அவசரமும் இல்லாமல் வினாடிக்கு நான்கு கட்டிதான் போகும், ஓடினாலும் சரி, விழுந்தாலும் சரி. அதே உயரத்திலிருந்து ஒரு கல்லைப் போட்டால், காற்றின் தடையை விட்டுவிட்டால், நாலேகால் வினாடியில் கீழே வந்துவிடும். கிளியூருக்கு மழைக்காலத்தில் போய், அந்தச் சத்தத்துக்கு முன்னால் பேச முடியாமல் நின்றவர்களுக்கு இந்த அருவி தேன் ஒழுகுவது போலத் தோன்றும். பாப்பாவுக்குப் பிடித்திருந்தது. கீழே விழுந்தால் அடிபடாது என்பதும் ஒரு காரணம்: எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாலும் தண்ணீரில் விழுந்தால் காயம் இல்லை. கிளியூரில் இதை யாரும் முயல வேண்டாம் என்று அவளிடம் இரண்டு தடவை சொல்லிவைத்தேன்.

இனி அந்த அல்வா விஷயம். இலவச கேமில் கண்ட நிற்கும் தண்ணீர் அசலிலும் உண்டு. புதிய நிலம், குகை எல்லாவற்றையும் நாம் போகப் போகக் கம்ப்யூட்டர் உருவாக்கிக்கொண்டே வருகிறது. அப்போது வைக்கப்படுகிற தண்ணீர் சில இடங்களில் ஓடாமல் அந்தரத்தில் தொங்கும். விளையாடுகிறவர்களுக்குப் பல வருடமாகத் தெரிந்த சமாச்சாரம். ஒரு குகையில் அதைத் தேடிப்பிடித்தோம்: கூரை ஓரத்தில் ஒரு கட்டித் தண்ணீர், கண்ணாடிப் பெட்டி மாதிரி. பக்கத்துக் கல்லைத் தட்டியதும் கொட்டியது.

காரணம் புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு தண்ணீர்க்கட்டியும் எந்நேரமும் தன்னைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தால் எந்தக் கம்ப்யூட்டரும் தாங்காது. அதனால் அக்கம்பக்கத்தில் ஏதாவது மாறினால்தான் அது கண்ணைத் திறந்து, "ஓடலாமா?" என்று யோசிக்கிறது. யாரும் தொடாதவரை சும்மா இருக்கும். இது கை ஸ்டார்ட்டர் மோட்டார் மாதிரி. கரண்ட் வந்துவிட்டது, தண்ணீரும் இருக்கிறது, எல்லாம் சரிதான். பச்சை பட்டனை யாராவது போய் அமுக்கினால்தானே ஓடும்? எங்களுக்கு மாட்டிய இலவச கேமில் கல்லை எடுத்தபோது அந்தச் செய்தியே பக்கத்துத் தண்ணீருக்குப் போகவில்லை. மூடித் திறந்ததும் எல்லாப் பட்டனையும் ஒரே நேரத்தில் யாரோ அமுக்கிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். இதைப் பாப்பாவுக்கு விளக்க, கடை வாசலில் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டியையே கழற்றிக் காட்டினேன். மறுநாள் அவள் அதில் ஒயர் மாற்றப் போய்விட்டாள், அது தனிக்கதை.

சின்னச் சின்ன அதிசயங்கள் நிறைய. கதவு வைத்தால் தண்ணீருக்கு அடியிலும் அந்த இடத்தில் காற்று நிற்கும். பெயர்ப்பலகை ஒன்றை நட்டால் ஓடி வருகிற தண்ணீர் அதன்முன் நின்றுவிடும். எத்தனை ஆயிரம் ரூபாய் கேட் வால்வும் இவ்வளவு சுத்தமாக அடைக்காது. வயலின் நடுவில் ஒரே ஒரு கட்டித் தண்ணீர் இருந்தால் நாலாபக்கமும் நான்கு கட்டி தூரத்துக்கு மண் ஈரமாகிவிடும், அதாவது சுற்றியுள்ள 80 கட்டி நிலத்துக்குப் பாசனம். நெதர் என்கிற கீழுலகத்தில் வாளியைக் கவிழ்த்தால் உஸ்ஸென்று ஆவியாகிவிடுகிறது. ஏப்ரல் மாதம் எங்கள் கடை வாசலில் தண்ணீர் தெளித்தாலும் ஏறக்குறைய அப்படித்தான்.

என்னை அசத்தியது 2018-ல் கடலுக்கென்று வந்த பெரிய மாற்றத்தில் சேர்த்த குமிழிக் கம்பம். கீழுலகத்திலிருந்து சோல் சாண்ட் என்ற பழுப்பு மணலைக் கொண்டுவந்து, தண்ணீர்த் தூணுக்கு அடியில் வைத்தால் குமிழி கிளம்பி ஆளை மேலே தூக்கிக்கொண்டு போகும். மேக்மா என்ற எரிகுழம்புக் கட்டியை வைத்தால் கீழே இழுக்கும். எங்கள் பக்கம் தண்ணீர் குறைந்த போர்வெல்லுக்குக் கம்ப்ரசர் போடுவார்கள். காற்றைக் குழாயில் கீழே அனுப்பினால், குமிழியோடு சேர்ந்து தண்ணீர் மேலே வரும். அதே வேலை! பிரஷர் தெரியாத தண்ணீருக்குக் கம்ப்ரசர் தெரிந்திருக்கிறது. ஒரே சிக்கல், தூண் முழுக்கச் சுனையாக இருந்தால்தான் குமிழி ஏறும்; மேலிருந்து ஒரு வாளி ஊற்றினால் ஓடுகிற தண்ணீர்தான் கிடைக்கும். அதற்கு விளையாடுகிறவர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள்: கெல்ப் என்ற கடற்பாசியை அடியிலிருந்து உச்சிவரை நட்டுக்கொண்டே போனால், அது நிற்கிற ஒவ்வொரு இடமும் சுனையாகிவிடும். அப்புறம் பாசியை அடியோடு பிடுங்கிவிடலாம். கேமைச் செய்தவர்களே இதை நினைத்திருப்பார்களோ என்னவோ, இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தவன் எந்த ஊரில் இருந்தாலும் நல்ல மெக்கானிக்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக வாங்கலாம். குழந்தைக்கு வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு நீங்களும் விளையாடலாம். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று பிரஷர் இல்லாததற்கு. இலவசமாகக் கிடைக்கிறதே என்று காப்பிகளை ஏற்றாதீர்கள். பெரிய வேலை எதையும் தொடங்குவதற்கு முன் அந்த உலகத்தை ஒரு பிரதி எடுத்து வையுங்கள். தண்ணீர் வேலை என்றால் இரண்டு பிரதி. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் நீரியல் படிக்கிற பிள்ளையிடம், இதில் பார்ப்பதைப் பரீட்சையில் எழுதிவிடாதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

ஒன்று மறந்துவிட்டேன். 2022 டிசம்பரில் வந்த 1.19.3 பதிப்பிலிருந்து, ஜாவா பதிப்பில் அந்த வற்றாத கிணற்றை நிறுத்திவைக்க ஒரு விதி இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் இரண்டு சுனைக்கு நடுவில் புதிய சுனை பிறக்காது, மொண்டால் மொண்டதுதான். போன வாரம் பாப்பா தூங்கிய பிறகு நான் அதை அணைத்துவைத்தேன். மறுநாள் கிணற்றில் நான்கு வாளி மொண்டதும் குழி காய்ந்துபோனது. "மாமா, மறுபடியும் கெட்டுப்போச்சு" என்று ஓடிவந்தாள். கெடவில்லை, இனிமேல் இப்படித்தான், சேலத்துக் கிணறு என்றேன். ஒரு முழு நாள் என்னோடு பேசவில்லை. ஏரியிலிருந்து வாளியில் தூக்கிக்கொண்டுபோய்த் தோட்டத்துக்கு ஊற்றினாள். எத்தனை நடை என்று எண்ணியும் வைத்திருந்தாள்: நாற்பத்தொன்று.

இரண்டாம் நாள் சத்தமே இல்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால், தோட்டத்து ஓரத்தில் ஒரு கொட்டகை போட்டிருந்தாள். கூரைக்கு மேலே வரிசையாகச் சில கட்டித் தண்ணீர். கூரையின் அடியில் கூம்பு கூம்பாகச் சுண்ணாம்புக்கல் தொங்கியது. 2021-ல் வந்த சரக்கு அது, மேலே தண்ணீர் இருந்தால் நுனியில் சொட்டும். ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே ஓர் இரும்பு அண்டா. சொட்டுச் சொட்டாக விழுந்து அண்டா நிரம்பும், நிரம்பினால் ஒரு வாளி. மேலே இருக்கிற தண்ணீர் அதனால் குறைவதும் இல்லை. என் சட்டத்தை ஒழுகுகிற கூரையை வைத்து உடைத்துவிட்டாள்.

நேற்று ராத்திரிவரை ஆறு அண்டா நிரம்பியிருக்கிறது. ஏழாவதற்கு இரும்பு பத்தவில்லையாம், என்னைச் சுரங்கத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறாள்.